இன்று எதுவும் நடைபெறவில்லை

மோதிர விரலால் மைக்கின் தலையில் மூன்று தட்டு. பிறகு ஒரு தொண்டைச் செருமல். அதை மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்வார். அதன் பிறகு, "அனைவருக்கும் காலை வணக்கம். கல்லூரிச் செய்திகள்." குரல் கூம்பு ஒலிபெருக்கிகளில் ஏறி, தாழ்வாரங்களைச் சுற்றி, மைதானத்தைத் தாண்டி, எதிர்த்தெருச் சமையலறைகள் வரை போய்விடும். தொற்று பரவி, கேட்பதற்கு ஒரு மாணவர்கூட இல்லாத மாதங்களிலும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.

மைக்கம்மா என்பது பட்டப்பெயர். வேலை, அலுவலகத்தில் தட்டச்சு. செய்தி வாசிப்பதற்காக அவரைத் தேர்வு வைத்து எடுத்தார்கள் என்று கல்லூரி மலர் ஒன்றில் அச்சாகியிருக்கிறது, அது தவறு. அதற்கு முன் வாசித்துக்கொண்டிருந்த விரிவுரையாளருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிவிட்டது. "நீ இன்னிக்கு ஒரு நாள் படிம்மா" என்று இவரை உட்கார வைத்தார்கள். விரிவுரையாளருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. இவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மைக்கை வேறு யாரும் தொடக் கூடாது. முதல்வரே ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதிக் கொடுக்க வேண்டும், இவர் படிப்பார். விளையாட்டு மாஸ்டர் ஒருமுறை, பந்தயச் செய்தியைத் தானே சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு மாஸ்டர் மைக்கு? நீங்க சும்மா கூப்பிட்டாலே பக்கத்து ஊர்ல திரும்பிப் பாக்கறாங்க" என்று அனுப்பிவிட்டார். தொற்றுக் காலத்தில் தனக்கு முகக்கவசம் தைத்தபோது அதே துணியில் மைக்குக்கும் ஒன்று தைத்து, கழுத்தில் நாடா வைத்துக் கட்டினார்.

அவருடைய கொள்கை எளிது. "நடந்ததைச் சொல்லணும். நடக்காததைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான், இதுல என்ன இருக்கு?" என்பார். சொல்லும் விதத்தில்தான் கொஞ்சம் தாராளம். மூன்று பேர் சேர்ந்து எதைப் பார்த்தாலும் அவருக்கு அது விழா. குழாய் சரிசெய்த மறுநாள், "நமது கல்லூரியின் குடிநீர்க் குழாய் சீரமைப்பு விழா இனிதே நடைபெற்றது" என்றுதான் வாசிப்பார்.

அவருடைய கணவர் கல்லூரியின் மோட்டார் இயக்குபவர். வாய் திறப்பது அபூர்வம். மைக் அறைக்கும் மோட்டார் அறைக்கும் ஒரே பழைய மின்கம்பி. மோட்டார் ஓடினால் மைக் செத்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் செய்தி நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டார். அன்றைய சண்டைக்குப் பிறகு, தொட்டி வறண்டு கிடந்தாலும் சரி, செய்தி முடியும் வரை அவர் கை விசைப் பக்கம் போனதில்லை.

கல்லூரியை மூடிய அன்று எல்லோரும் போய்விட்டார்கள். வளாகத்திலேயே குடியிருக்கும் முதல்வர், விளையாட்டு மாஸ்டர், காவலாளி, இந்தத் தம்பதி ஆகியோர் தங்கினார்கள். பழைய பதிவேடுகளைச் சரிபார்க்க வந்திருந்த நானும் மாட்டிக்கொண்டேன். இன்னொருவரும் மாட்டிக்கொண்டார். நன்னீர் நத்தைகள் பற்றிய ஒருநாள் கருத்தரங்கைத் தொடங்கிவைக்க வந்த சிறப்பு விருந்தினர் அவர். நத்தைப் பேராசிரியர். தொடங்கிவைத்துவிட்டுக் கீழே இறங்கியபோது வாயிற்கதவு பூட்டியிருந்தது.

"நமது சிறப்பு விருந்தினர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்" என்று மைக்கம்மா தினமும் முதல் செய்தியாக வாசித்தார். கையோடு ஒரு சிறப்பு விருந்தினர் இருக்கும்போது எதையும் சும்மா திறக்க மனம் வருமா? கழுவிய தண்ணீர்த் தொட்டியை அவர் திறந்துவைத்தார். நூலகத்தின் பின்புறம் பூனை போட்ட குட்டிகளுக்குப் பெயர் சூட்டி, சிறு உரை ஆற்றினார். கொண்டுவந்தது ஒரே ஒரு கோட்டு என்பதால், மாஸ்டர் கொடுத்த கோல்கீப்பர் சட்டையில்தான் பெரும்பாலான விழாக்களுக்குத் தலைமை தாங்கினார். சாப்பாடு மைக்கம்மா வீட்டில். முதல் சில வாரங்கள் மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று சொல்ல வேண்டும்.

பிறகு அவருடைய மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. பிரசவம் நெருங்கிவிட்டது. மருமகன் வேறு நாட்டில் சிக்கியிருந்தார். பெண்ணுக்குத் துணைக்கு ஆள் இல்லை. பேராசிரியர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனார். எதிர்த்தெரு முதல் வீட்டில்தான் சுகாதார ஆய்வாளர் குடியிருந்தார். எங்கள் வாயிலைத் திறப்பதும் மூடுவதும் அப்போது அவர் பொறுப்பு.

"விட முடியாது சார்" என்றார் ஆய்வாளர். "மூணு பேரு ஒரு காரியமா கூடினாலே அது கூட்டம். கூட்டம் நடந்த இடத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு யாரும் வெளிய போகக் கூடாது."

"இங்க எங்க சார் கூட்டம்? ஆளே இல்லையே!"

"நேத்து தொட்டி திறப்பு விழா நடந்துச்சே. நீங்கதானே திறந்து வச்சீங்க?"

"அது... தண்ணி வருதான்னு பாத்தோம்."

"இனிதே நடைபெற்றதுன்னு மேடம் மைக்ல சொன்னாங்க. நான் காதால கேட்டேன். போன வாரம் பூனைக்குப் பேரு வச்ச விழா. அதுக்கு முன்னாடி குழாய் விழா. நான் ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து எண்ணிட்டு வரேன் சார். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பேராசிரியர் பெட்டியோடு திரும்பி நேராக மைக் அறைக்கு வந்தார். அது வாயிலை ஒட்டி, ஜன்னல் வழியே தெரு தெரியும்படி இருக்கும் சிறிய அறை.

"அம்மா, ஒரு ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்காம பாத்துக்கங்க. என் பொண்ணு தனியா இருக்கா."

"நடக்கறது என் கையிலயா சார் இருக்கு? நான் சொல்றவ. நடத்தறவ இல்லையே."

"நடந்தாலும் சொல்லாம இருங்களேன்."

மைக்கம்மா திடுக்கிட்டுவிட்டார். "நடந்ததைச் சொல்லாம இருந்தா அது பொய்யில்லையா?"

வாசலில் நின்ற கணவர் அன்றைக்கான தம் பேச்சைப் பேசினார். "பொய்யில்ல. அதுக்குப் பேரு வாய மூடிக்கிட்டு இருக்கறது. நல்லாத்தான் இருக்கும், பழகிப் பாரு."

மைக்கம்மாவால் அது முடியாது என்று அவருக்கே தெரியும். அதனால் வேறு முடிவுக்கு வந்தார். எதுவும் நடக்கவே விடக் கூடாது. அப்போது சொல்லவும் வேண்டியதில்லை. அன்றிலிருந்து வளாகத்தைச் சுற்றி வரத் தொடங்கினார். நானும் காவலாளியும் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மாஸ்டர் வந்து சேர்ந்தால் போதும், எங்கிருந்தோ குரல் கேட்கும். "மூணாவது ஆள் யாரு? கலைங்க, கலைங்க! பேசறதா இருந்தா ஒருத்தர் போயிட்டு வாங்க." பூனை தன் குட்டிகளோடு நடைபாதையில் படுத்திருந்ததைக்கூடக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார்.

காலைச் செய்தி மட்டும் நிற்கவில்லை. "இன்று நமது வளாகத்தில் எதுவும் நடைபெறவில்லை. நாளையும் எதுவும் நடைபெறாது. அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளாதிருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதை அவர் வாசித்த கம்பீரத்தில், எதிர்த்தெருவில் இருந்து ஒருவர் காவலாளியிடம் வந்து, நடைபெறாத நிகழ்ச்சிக்கு வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் முடியும் நாளுக்கு முந்தின மாலைவரை எல்லாம் சரியாக இருந்தது. அன்று மாஸ்டர் வழக்கம்போலத் தனியாகக் கூடைப்பந்து போட்டுக்கொண்டிருந்தார். தரையில் வரைந்த கோட்டின் பின்னால் நின்று, தவறவிடாமல் தொடர்ந்து கூடைக்குள் போடுவதில் கல்லூரிக்கு ஒரு சாதனை உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தின் மரப்பலகையில் பொன்னெழுத்தில் இருக்கிறது. பெயர், நம் முதல்வருடையது. மாணவராக இருந்தபோது செய்தது. அதை முறியடிக்க மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முயன்றுவருகிறார். அன்று பந்து விழுந்துகொண்டே இருந்தது. பந்தை எடுத்துக் கொடுக்கக் காவலாளி வந்தார். அந்த வழியாக நடை போன முதல்வர் நின்றார். கடைசிப் பந்தும் உள்ளே விழுந்தது. மாஸ்டர் போட்ட கூச்சலில் வந்துசேர்ந்த மைக்கம்மா கண்டது, ஒரே காரியமாகக் கூடிய மூன்று பேரை.

"முறியடிச்சுட்டேன் மைக்கம்மா! நாளைக் காலைல முதல் செய்தி! முழு விவரமும் சொல்றேன், எழுதிக்கங்க!"

மைக்கம்மா எழுதிக்கொள்ளவில்லை. மாஸ்டருக்குப் பின்னால், மறுநாள் பயணத்துக்காகத் துவைத்த கோட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த பேராசிரியரைப் பார்த்தார். மாஸ்டரும் திரும்பிப் பார்த்தார்.

முதல்வர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாவம், அவர் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மனிதாபிமான அடிப்படையில இதை அப்படியே விட்டுடலாம். எனக்கும் கடைசி ரெண்டு பந்து சரியாத் தெரியல. மாஸ்க் போட்டதுல கண்ணாடி பூரா ஆவி."

"பக்கத்துலதானே சார் நின்னீங்க!"

"அதான் சொல்றேனே, ஆவி."

மாஸ்டர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "சரி விடுங்க. நான் போடவே இல்லைன்னு வச்சுக்கங்க" என்றார். அந்த மனிதர் பேசி, பக்கத்தில் நின்றவருக்குச் சரியாகக் கேட்காமல் போனது அன்று ஒருநாள்தான்.

"நடந்துடுச்சே மாஸ்டர்" என்றார் மைக்கம்மா. அன்று இரவு பேராசிரியருக்குச் சமைத்த சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்றுகூட நினைவில்லை என்று மைக்கம்மா பிறகு சொன்னார்.

மறுநாள் காலை, வாயிலுக்கு வெளியே வாடகைக் கார் வந்து நின்றது. ஆய்வாளர் சாவியோடு ஒலிபெருக்கியின் கீழே நின்றுகொண்டார். "செய்தியைக் கேட்டுட்டு விட்டுடறேன் சார். நேத்து ஒண்ணும் நடக்கலைன்னா நீங்க போகலாம்." கோட்டும் பெட்டியுமாகப் பேராசிரியர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மைக் அறையின் சுவரோரம் மாஸ்டரும் நானும் தள்ளித் தள்ளி நின்றோம். முதல்வர் ஜன்னலுக்கு வெளியே. கணவர் வாசலில்.

மூன்று தட்டு. "அனைவருக்கும் காலை வணக்கம். கல்லூரிச் செய்திகள்." செருமுவதற்கு முகத்தைத் திருப்பினார். ஆனால் செருமவில்லை. "என்னங்க, தொட்டி காலியா இருக்கும். மோட்டாரைப் போடுங்க."

கணவர் நம்பவில்லை. "இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் போன வேகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. மோட்டார் உறுமிற்று. ஒலிபெருக்கிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. மைக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, செத்த மைக்கின் முன், ஓர் எழுத்தும் விடாமல் வாசித்தார். "நேற்று மாலை நமது வளாகத்தில் கூடைப்பந்துச் சாதனை முறியடிப்பு விழா, கல்லூரி முதல்வர் முன்னிலையில் இனிதே நடைபெற்றது." மாஸ்டர் பெயர், பந்துகளின் எண்ணிக்கை, பந்து எடுத்துக் கொடுத்த காவலாளிக்கு நன்றி, எல்லாம் வந்தது. மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டார்.

கீழே ஆய்வாளர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கரண்ட் போச்சு போல. எனக்கு எதுவும் கேக்கல சார். கேக்காததை நான் எப்படிக் கணக்குல எடுக்கறது?" என்று பூட்டைத் திறந்தார். பேராசிரியர் ஜன்னலை நோக்கி ஒருமுறை கும்பிட்டுவிட்டு, காருக்குள் கிட்டத்தட்ட விழுந்தார். மைக்கம்மா நன்றி வணக்கம் வரை வாசித்து முடித்து, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கார் தெருமுனையில் திரும்பியது.

"என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கின் முகக்கவசத்தை அவிழ்த்து, இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். "வாங்க மாஸ்டர். நீங்களே சொல்லுங்க."

"அதை நாளைக்குச் சொல்லிக்கலாமே" என்றார் முதல்வர் ஜன்னல் வழியாக. "மறுபடியும் ரெண்டு வாரம் கதவை மூடிடுவாரு."

"மூடட்டும் சார். நமக்கு எங்க போகணும்?"

மாஸ்டர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மைக்கம்மா ஒரு கையால் மைக்கை அவர் வாய்க்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒலியளவுத் திருகைக் கடைசிவரை குறைத்தார்.