நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த இ-சிம்

1. ‘இ’ன்னா இலவசமா?

பாளையங்கோட்டையில் ஒரு டிராவல் ஏஜென்சியின் கவுண்டரில் இருபத்து நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் என்று ஆரம்பித்து இப்போது இ-சிம்மில் வந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று சொன்னால் தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கவுண்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியமும் இருக்கிறது, நான் பண்ணின ஒரு மடத்தனமும் இருக்கிறது.

முதன்முதலில் இ-சிம் விற்க வேண்டும் என்று வந்தபோது எங்கள் முதலாளி அண்ணாச்சியே தயங்கினார். “கையில எடுத்துக் காட்ட முடியாத சாமானை எப்படி பிள்ள விப்ப?” என்றார். “இன்சூரன்ஸ் விக்கலையா அண்ணாச்சி? அதை யாரு கண்ணால கண்டா?” என்றேன். சரி, விற்றுப் பார் என்று விட்டுவிட்டார்.

விற்பது கஷ்டமாக இல்லை. புரியவைப்பதுதான் கஷ்டம். “இ-ன்னா இலவசமா மேடம்?” என்று கேட்டவர்கள் நிறைய பேர். “இலவசம்னா நான் ஏன் இங்கன உக்காந்திருக்கேன்?” என்பேன். திசையன்விளையிலிருந்து வந்த ஒருவர், ஊசியால் குத்திப் போனின் சிம் தட்டை வெளியே இழுத்துவைத்துக்கொண்டு, “ம், போடுங்க” என்று காத்திருந்தார். பாவம், தட்டைக் கையில் ஏந்தியபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். “போனுக்குள்ள ஒரு காலி வீடு இருக்கு. இந்த க்யூஆர் கோட்டைக் காட்டினா வெளிநாட்டு நெட் அதுல குடிவந்துரும். போன காரியம் முடிஞ்சதும் காலி பண்ணிட்டுப் போயிரும். உங்க பழைய சிம்மைத் தொடவே வேண்டாம்.” இப்படிச் சொன்னால் எல்லாருக்கும் புரிந்தது. பேப்பரில் க்யூஆர் கோட்டைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்பேன். பேப்பர் கையில் இருந்தால்தான் நம் ஆட்களுக்குச் சாமான் வாங்கின திருப்தி.

2. ஏரல் பாத்திரக்கடை

பிரமு அம்மாளுக்கு ஏரலில் பாத்திரக்கடை. வீட்டுக்காரர் இறந்தபின் பதினைந்து வருஷமாகத் தனியாக நடத்துகிறார். கோவில்பட்டி முதல் வள்ளியூர் வரை அண்டா, குத்துவிளக்கு, சீர்வரிசைப் பாத்திரம் என்று பண்டல் கட்டி அனுப்புகிற கை. ஒரே மகள் உமா, ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் பார்க்கப் போக வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருந்து நான்தான் எல்லாம் நிரப்பிக் கொடுத்தேன்.

திருவனந்தபுரத்தில் ஏறி, கல்ஃப் வழியாக மத்தியானம் பிராங்க்பர்ட்டில் இறங்க வேண்டும். மருமகன் காரோடு வந்து கூட்டிப்போவார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“சிம்மை நான் கடையில வச்சிட்டுப் போறேன் பிள்ள. எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் ஆர்டர் சொல்லுவாங்க. கடைப் பையன் சின்ன போன்ல போட்டு வச்சிருப்பான்” என்றார் பிரமு அம்மாள்.

“தாராளமா வச்சிட்டுப் போங்கக்கா. வாட்ஸ்அப் அது பாட்டுக்கு உங்க போன்ல இருக்கும். அதுக்குத்தான இ-சிம்மு” என்றேன் பெருமையாக.

மடத்தனம் இங்கேதான். இ-சிம்மை அப்போதே என் மேஜையிலேயே போனில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்பவே ஏத்தினா இன்னையில இருந்து நாள் ஓட ஆரம்பிச்சிரும். வீணா நாலு நாள் போயிரும். அங்கன இறங்கி, ஏர்போர்ட் வைஃபையைப் போட்டு, இந்தப் பேப்பரை ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை.” எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு நானும் சொன்னேன்.

ஸ்கேன் செய்வது எப்படி என்று மூன்று தடவை செய்துகாட்டினேன். பிரமு அம்மாள் கெட்டி. இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டார்.

3. பிரம்மதேசம்

அவர் போய் இறங்குகிற அன்று, நம்மூர் நேரப்படி சாயங்காலம் ஆறு மணி. மருமகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“மேடம், உமாவுக்குத் திடீர்னு பிரஷர் கூடிட்டு. ஆபரேஷன் பண்ணணும்ங்காங்க. நான் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. அத்தை இறங்கிட்டாங்க. நாற்பது நிமிஷத்துல ஒரு ரயில் இருக்கு, டிக்கெட் எடுத்து அனுப்பிட்டேன். நடுவுல ஒரு இடத்துல இறங்கி மாறணும். நான் போன்ல கூடவே இருந்து சொல்லுவேன்னு நினைச்சேன். அத்தைக்கு இ-சிம் ஏறவே மாட்டேங்குதாம். இவ, அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா மேடம்.”

“நீங்க போய் பொண்டாட்டி பக்கத்துல நில்லுங்க தம்பி. அக்காவை நான் ஏத்தி விடுதேன்” என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தேன். ஏர்போர்ட்டைத் தாண்டினால் வைஃபை கிடையாது. சிம்மும் கிடையாது. பாஷை தெரியாத ஊரில், ரயில் மாறுகிற இடத்தில், ஊமைப் போனோடு அவர் நிற்பார். அந்த ரயிலை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து.

பிரமு அம்மாளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். எடுத்தார்.

“செல்வி, நீ சொன்ன மாதிரியே செஞ்சேன் பிள்ள. வைஃபை போட்டேன். பேப்பரைக் காட்டினேன். அது முழிச்சிக்கிட்டே இருக்கு.”

“பேப்பரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா.”

போட்டோ வந்தது. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். க்யூஆர் கட்டத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். மஞ்சள் மேல் கெட்டியாகக் குங்குமம். அந்தக் கட்டத்தில் மூன்று மூலைகளில் சின்னச் சின்னச் சதுரம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கேமரா கோட்டையே அடையாளம் கண்டுகொள்ளும். சரியாக அந்தச் சதுரங்களின் மேலேயே அம்மன் அருள்.

“ஏன்க்கா, பேப்பர்ல குங்குமம் வச்சிருக்கிய?”

“பில் புக்குக்கே வைக்கேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கேன். மொத மொத மக வீட்டுக்குப் போற காகிதத்துக்கு வைக்காம இருப்பேனா? டிக்கெட்டுக்கும் வச்சிருக்கேன், அதை ஏர்போர்ட்டுல ஒண்ணும் சொல்லலையே!”

சேலை முந்தானையால் துடைக்கச் சொன்னேன். குங்குமம் இழுபட்டுக் கட்டம் முழுக்கச் சிவந்ததுதான் மிச்சம்.

புதுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் அவருடைய போன் கொஞ்சம் பழைய மாடல். தன் வயிற்றில் இருக்கிற படத்தைத் தானே பார்த்துக்கொள்ள அதற்குத் தெரியாது. இன்னொரு போனில் காட்டினால்தான் ஸ்கேன் பண்ணும். கடைசி வழி, பிளான் மெயிலில் எழுத்தாகவும் வந்திருந்த அந்தக் கோட்டை ஒவ்வொன்றாக டைப் அடிப்பது. எழுத்தாக அனுப்பினேன். “அழுத்திப் பிடிச்சுக் காப்பி பண்ணுங்கக்கா” என்றேன். அழுத்திப் பிடித்தார். அந்தக் கோடு அப்படியே ஏரல் பாத்திர வியாபாரிகள் குரூப்புக்குப் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

“இது சரிப்படாது” என்றார் பிரமு அம்மாளே. “நீ வாயால சொல்லு, நான் எழுதிக்கிடுதேன். கடையில போன்லதான ஆர்டர் எடுக்கேன்.”

அந்த நேரத்திலும் அவர் பதறவில்லை. எனக்கு அது தைரியமாக இருந்தது.

“கிலோ, ஏழு, விக்டர்...” என்று ஆரம்பித்தேன். டிக்கெட் நம்பரை நாங்கள் ஏஜென்சிகளுக்குள் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

“யாரு பிள்ள அது விக்டர்?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் தினமும் இங்கிலீஷில் எழுதுவது என்ன? பண்டல் மேல் ஊர்ப்பெயர். அதையே பிடித்தேன்.

“யக்கா, நான் ஊரு பேரு சொல்லுதேன். நீங்க முதல் எழுத்தை மட்டும் போடுங்க. கோவில்பட்டி.”

“K. போட்டாச்சு.”

“ஏழு. வள்ளியூர். நாங்குநேரி.”

“வள்ளியூர், நாங்குநேரி போட்டாச்சு.”

“டாலர் குறி.”

“டாலரா? நான் யூரோதான மாத்திக் கொண்டாந்தேன்?”

“குறி மட்டும்க்கா! S மேல ரெண்டு கோடு!”

“சரி சரி, கத்தாத.”

சாத்தான்குளம், தூத்துக்குடி, ராதாபுரம் என்று பஸ் மாதிரி போய்க்கொண்டே இருந்தோம். ஆபீசில் எல்லாரும் எழுந்து என் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒரு இடத்தில் B வந்தது. B-யில் ஆரம்பிக்கிற நம்மூர் எது? சட்டென்று ஒன்றும் வரவில்லை. பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசம் ஞாபகம் வந்தது.

“பிரம்மதேசம்.”

“பிரம்மதேசம் போட்டாச்சு.”

முழுக்க எழுதி, போனில் அடித்து, அழுத்தினார். கோடு தவறு என்றது போன். திருப்பி வாசிக்கச் சொன்னேன். கோவில்பட்டி, ஏழு, வள்ளியூர் என்று ஒன்று விடாமல் வாசித்தார். எல்லாம் சரி. மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு.

ரயிலுக்குப் பதினோரு நிமிஷம். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, “ஏ பிள்ள, அந்தம்மா என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?” என்றார். அட, ஆமாம். அவர் ஊரை வாசிக்கிறார். எழுத்தை யார் பார்த்தது?

“யக்கா, எழுதினதைப் போட்டோ எடுங்க, சீக்கிரம்!”

வந்தது. கண்ணை ஓடவிட்டுப் பார்த்தேன். பிரம்மதேசம் இருக்க வேண்டிய இடத்தில் P.

“யக்கா, பிரம்மதேசத்துக்கு P போட்டிருக்கிய!”

“என் பேரு பிரமு. பாஸ்போர்ட்டுல P போட்டுத்தான எழுதியிருக்கு? பிரமுக்கு P-ன்னா பிரம்மதேசத்துக்கும் P தான?”

அந்த விண்ணப்பத்தில் P போட்டதே நான்தான்.

“பஸ்ஸு! பஸ்ஸுக்குப் போடுத B-க்கா!”

“அதை மொதல்லயே சொல்லப்படாதா? சரி, இரு.”

ஒரு எழுத்தை மாற்றினார். மறுபடி அழுத்தினார்.

“செல்வி, பையப் பைய, போனு மேல ரெண்டு கோடு வருது. மூணு வந்துட்டு. ஏ பிள்ள, டவர் வந்துட்டு!”

“ஓடுங்கக்கா!” என்று கத்தினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஓடினார். ரயிலைப் பிடித்தார். மாறுகிற இடத்தில் மருமகன் போனிலேயே பிளாட்பாரம் சொன்னாராம். பிரமு அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மயக்கம் தெளிந்து உமா கண் திறந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். ஆபீசில் எல்லாருக்கும் அண்ணாச்சி அல்வா வாங்கிக் கொடுத்தார்.

4. அந்த ஒரு வரி

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்ததும் அந்த இ-சிம் பிளானின் மெயிலைத் திறந்து முழுக்கப் படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. போனில் எப்போது ஏற்றினாலும், அந்த நாட்டு டவரைத் தொட்ட பிறகுதான் நாள் கணக்கு ஆரம்பிக்கும். எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். அந்த வரியை அன்றுதான் படித்தேன். இங்கேயே ஏற்றி அனுப்பியிருந்தால் ஒரு நாளும் வீணாகியிருக்காது. குங்குமம் பேப்பரில் இருந்தால் என்ன, பூவும் பொட்டுமாக இருந்தால்தான் என்ன?

மனசு கேட்கவில்லை. பிரமு அம்மாளைக் கூப்பிட்டு, தப்பு குங்குமத்தில் இல்லை, என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. “விடு பிள்ள. நீ சொன்னதை அப்படியே செஞ்சேன். எனக்கு வேற என்ன தெரியும்?” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து இ-சிம் வாங்குகிற யாரையும், அது போனில் ஏறாமல் நாற்காலியை விட்டு எழ விடுவதில்லை. எந்தப் பிளானாக இருந்தாலும் மெயிலை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் விற்கிறேன். பிரிண்ட் இரண்டு எடுக்கிறேன், சாமிக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று. சிலர் சலித்துக்கொள்வார்கள். போன வாரம் ஒருவர், படித்த மனுஷர், கோபமாகவே கேட்டார்: “எப்படின்னு சொல்லுங்க மேடம், அங்க போயி நான் செஞ்சிக்கிட மாட்டேனா? எங்க மேல அவ்வளவு நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கு சார். நான் என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சிருவிய. அதான் பயமா இருக்கு” என்றேன்.