நான் வெட்டிய மெயில்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் நான் சிஸ்டம் அட்மின். பெயர் நவநீதன். படித்தது பி.காம். சேர்ந்த புதிதில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்துவிட்டேன். அந்த ஒரு காரியத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வந்து, பதவியும் வந்துவிட்டது.

போன வருஷம் கம்பெனி மெயிலைப் புது சர்வருக்கு மாற்ற முடிவானது. பழையதில் ஒருவருடைய மெயில்கள் எல்லாம் ஒரே நீளக் கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். புதியதில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. பிரித்துப் போட இலவசக் கருவி ஒன்று கிடைத்தது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும். நாலு பேர் பார்க்கும்படி உட்கார்ந்து அடித்தேன். வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென ஓடின. என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல நடுநடுவே தலையாட்டினேன்.

முடிந்ததும் எண்ணிப் பார்த்தால், பழையதைவிடப் புதியதில் மெயில்கள் அதிகம். குறைந்தால்தானே தப்பு? எம்.டி. முனீர் அகமதுவிடம், "ஒண்ணுகூட மிஸ் ஆகல சார். கொஞ்சம் ஜாஸ்தியாவே வந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் மெஷின் சத்தமே இல்லை. ஆர்டர்களைக் கவனிக்கும் அக்தரி மேடம் என் மேஜைக்கு வந்தார்.

"ஜெர்மன் பையர் மெயில் போட்டுக்கிறாரு. திங்கக்கிழமைலருந்து கட்டிங் வேணாம்னு. நானும் நிறுத்திட்டேன். ஆனா கீழ பேரு இருக்குது, மேல அட்ரஸும் இல்ல, சப்ஜெக்ட்டும் இல்ல. இன்னா இது?"

திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. பழைய கோப்பில் ஒவ்வொரு மெயிலும் 'ஃப்ரம்' என்ற சொல்லில்தான் தொடங்கும். எந்த வரி அந்தச் சொல்லில் தொடங்கினாலும் என் கருவி அங்கே வெட்டியிருக்கிறது. எங்களிடம் ஷூ வாங்கும் அந்த பையர் மெயிலின் நடுவில் 'ஃப்ரம் மண்டே' என்று ஒரு வரியைத் தொடங்கியதால் அங்கேயும் ஒரு வெட்டு. கொரோனா சமயத்தில் வந்த மெயில் அது. தேதியை இழந்த பின்பாதி, நான் மாற்றிய நாளின் தேதியோடு புதுசு போல மேலே வந்து நின்றது.

"மேடம், இது பழைய மெயில். நான்தான் ரெண்டா வெட்டிட்டேன்."

"வெட்டுறதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் வச்சிருக்கோம். நீ எதுக்குப்பா வெட்டுன?"

அங்கேயே போன் போட்டு மெஷின்களை ஓடவிட்டார். பழைய கோப்புகளை நான் சோம்பலில் அழிக்காமல் விட்டிருந்தேன். எம்.டி. அதை முன்னெச்சரிக்கை என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

கருவியின் விளக்கப் பக்கத்தை அன்றுதான் முதல்முறை படித்தேன். 'ஃப்ரம்' வரியில் அனுப்பியவர் முகவரியும் தேதியும் இருந்தால் மட்டும் வெட்டு என்று சொல்ல, கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதுமாம். முதலில் மேடத்தின் கோப்பை மட்டும் மாற்றி, அவரையே பக்கத்தில் உட்காரவைத்துச் சரிபார்த்தேன். எண்ணிக்கை பொருந்தியது. பிறகு மற்றவர்களுடையதும்.

சாயங்காலம் மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீயும் சமோசாவும் வரவழைத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவ்வளவு கூச்சமாக இருந்தது. இருந்தாலும் இரண்டு சமோசா சாப்பிட்டேன்.