சிவப்புப் பட்டன்மேல் ஒரு கை

வீட்டில் அவளுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. காஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அக்கா சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: இரும்பு வெட்டும் எந்திரத்துக்கு மூளையாக ஓடும் சாஃப்ட்வேரை எழுதுவது. ஆபீஸ் கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது. இங்கே இரும்பை வெட்டும் டூல் எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு மில்லி செகண்டும் சொன்ன நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். பிந்தினால் டூல் காத்திருக்காது, போகிற போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

அவள் வேலை பார்க்கும் பட்டறையில், பாதுகாப்புக் கதவில்லாத பழைய எந்திரம் ஒன்றை ஓட்டுபவர் அக்காவின் கணவர். புது சாஃப்ட்வேர் ஏற்றிய அன்று, ஆபத்தில் கரண்டையே துண்டிக்கும் சிவப்புப் பட்டன்மேல் ஒரு கையை வைத்தபடியே ஓட்டுவது பட்டறை வழக்கம். அத்தான் மட்டும் வைக்க மாட்டார்.

"நம்ம பயந்தாங்கொள்ளி எழுதினது. நூறு தடவ பாத்திருப்பா," என்பார்.

ஒருநாள் புது சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, பட்டறை மாடியில் டீயை வாயருகே கொண்டுபோனபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. சோதனைக்காக ஒரு வரி சேர்த்திருந்தாள். ஒவ்வொரு மில்லி செகண்டும் டூல் இருக்கும் இடத்தை டிஸ்கில் எழுதி வைக்கும் வரி. அதை எடுக்கவே இல்லை. டிஸ்க் எந்த நேரம் மந்தமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மந்தமானால் மொத்தக் கணக்கும் அதற்காகக் காத்துக் கிடக்கும். 'நிறுத்து' பட்டனும் சாஃப்ட்வேர் வழியாகத்தான் வேலை செய்யும்; அழுத்தினாலும் டூலுக்குக் காது கேட்காது. கீழே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தான் 'நிறுத்து' பட்டனை அழுத்திவிட்டு, குவிந்த இரும்புச் சுருளை இழுக்கக் கொக்கியோடு கையை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். டூல் நிற்கவில்லை; அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"அத்தான், கைய எடுங்க!"

சிவப்புப் பட்டனை ஓங்கி அறைந்தாள். கரண்டே அறுந்து எந்திரம் அடங்கியது. கொக்கியின் முனையைக் காணோம். கை முழுசாக இருந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புதான் அத்தான். ஒரு வரிய எடுக்க மறந்துட்டேன்."

அவர் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காகிட்ட சொல்லிடாத. பயந்துருவா," என்றார்.

அந்த வரியை நீக்கி, சோதித்துப் பார்த்து, சாயங்காலம் மறுபடி ஓட்டினார்கள். அத்தான் வழக்கம்போல் அவளைக் கேலி செய்துகொண்டே இருந்தார். ஆனால் அவருடைய இடது கை சிவப்புப் பட்டன்மேல் இருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று எடுக்கப் போனார்.

"வேணாம் அத்தான், அங்கேயே இருக்கட்டும்," என்றாள்.