பதினெட்டு முளைக்குச்சிகள்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடைபாதை ஓரத்துக் கற்களுக்கு வெள்ளை அடித்தார்கள். வாளியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஊற்றியதும் புஸ்ஸென்று ஒரு சூடான வாசனை எழும் பாருங்கள், அது மூன்றாம் மாடி பால்கனி வரைக்கும் ஏறி வந்தது. நான் அப்படியே 1991-க்கு இறங்கிவிட்டேன். லிஃப்ட்கூடத் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் எனக்கு இருபத்தோரு வயது. டிப்ளமோ முடித்து, கிண்டியில் ஒரு டிராயிங் ஆபீசில் வேலை. வரைபடங்களை நகலெடுக்கும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். புடவையிலும் தலைமுடியிலும் அதே நெடிதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். வாரத்தில் ஆறு நாள் இப்படி நெடியில் குளித்தால் ஏழாம் நாள் காற்று வேண்டும் என்று தோன்றாதா? மெரினாவில் காற்று உண்டு, ஆனால் ஊரே அங்கே இருக்கும். மலை ஏறலாம் என்றால் சென்னையைச் சுற்றி மலைக்கு எங்கே போவது? போனாலும் என் அக்கா வரமாட்டாள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள்.

அப்போதுதான் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அதில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வயல் நடுவே நடந்து போகிறார்கள். மேடில்லை, பள்ளமில்லை. வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் பெயிண்டில் ஒரு அம்புக்குறி, இத்தனை தூரத்துக்கு ஒரு குச்சி, குச்சியில் நம்பர். பார்த்ததும் எனக்குள் மணி அடித்தது. சமதளம்தானே? நம்மிடம் இல்லாததா! தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறி, படப்பை தாண்டி சேரப்பணஞ்சேரியில் இறங்கினால் ஏரிக்கரை. கரையோடு நடந்து, வயல் வரப்பில் இறங்கி, ஒரகடம் ரோட்டில் போய் ஏறலாம். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்துவைத்திருந்த வழி அது. தட்டாமாலை சுற்றினாலும் விழமாட்டோம், அவ்வளவு சமதளம்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அதுதான் வினையே. பொங்கல் முடிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரரைக் கெஞ்சி இழுத்துக்கொண்டு போனேன். மாமா நல்ல மனுஷர். சாப்பாடு உண்டு என்றால் சந்திரனுக்கும் வருவார். ஒரு வாளி சுண்ணாம்பு, அதைப் பூச ஒரு மட்டை, பதினெட்டு சவுக்கு முளைக்குச்சி, அக்காவின் பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்த துணி. இவை போதாதென்று ஆபீசில் யாரையும் கேட்காமல் எடுத்துவந்த முப்பது மீட்டர் டேப். முந்நூறு மீட்டருக்கு ஒரு குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டி, பெயிண்டில் நம்பர் போட்டேன். நம்பர் போடுவதில் நான் கெட்டிக்காரி. ஆபீசில் என் கையெழுத்தைத்தான் எல்லாப் படத்திலும் கேட்பார்கள். பனைமரங்களில் சுண்ணாம்பு அம்பு. மாமா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தினி?" என்று கேட்டபடியே வந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும்: சாவு, கல்யாணம், மாடு வாங்க, டாக்டர். அன்று எங்களைக் கேட்டவர்களிடமெல்லாம் நான், "சும்மா நடக்கிறோம்" என்று சொன்னேன். டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு சும்மா நடக்கிறவளை உங்களால் நம்ப முடியுமா? ஏழாம் குச்சி அடிக்கும்போது வயலில் நாற்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியோடு வரப்பேறி வந்தார்.

"இன்னாத்துக்குமா அளக்கற?"

"மெட்ராஸ்லேருந்து நிறைய குடும்பம் வரப்போகுதுங்க. அதுக்குத்தான்" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

அவர் மண்வெட்டியை ஊன்றினார். குச்சியில் நான் போட்ட 7-ஐயே பார்த்துக்கொண்டு நின்றார். என் நம்பர் அழகாக இருக்கிறதென்று பார்க்கிறார் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பதினான்கு பேர் சேரப்பணஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அக்கா குடும்பம், எங்கள் ஆபீஸ் சீனியர் சாமுவேல் சார், அவர் மனைவி டெய்சி அக்கா, இன்னும் இரண்டு குடும்பம், ஆறு குழந்தைகள், ஒரு தூக்கு நிறைய முறுக்கு. ஏரி நிரம்பிக் கிடந்தது. தண்ணீர்ப் பாம்பு ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு போனதற்குக் குழந்தைகள் கைதட்டினார்கள். சாமுவேல் சார் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, "ஆபீஸ் படத்துல கோடா மட்டும் பார்த்த ஏரிய இன்னைக்குத்தான் ஏரியா பாக்கறேன்" என்றார். என் காலும் தரையில் இல்லை.

ஏழாம் குச்சியருகே ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அந்த மண்வெட்டிப் பெண்.

"இந்தப் பொண்ணுதான். அளந்துகினு போச்சே, இதே பொண்ணு" என்று என்னைக் காட்டினார். பக்கத்தில் நின்ற வாலிபன் எங்கள் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்து, "அல்லாரும் பிளாட்டு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டான்.

டெய்சி அக்காவுக்கு எதையும் தமாஷாக எடுத்துக்கொள்ளும் சுபாவம். "ஆமாம்பா, எனக்குக் கிழக்குப் பார்த்ததா ஒண்ணு குடு" என்று சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண், "பாத்தியா, நான் சொல்லல?" என்று வாலிபனிடம் சொல்லிவிட்டுப் பொத்தென்று வரப்பில் உட்கார்ந்தார்.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. அவர் பெயர் கஸ்தூரி. வாலிபன் அவருடைய கொழுந்தன். ஏழாம் குச்சி நின்ற வரப்பை ஒட்டிய ஒண்ணேகால் ஏக்கர், அவர் அப்பா வீட்டிலிருந்து கொடுத்தது. கணவருக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை. அவர் முதுகு படுத்தால் குடும்பத்துக்கு நிற்க இருக்கிற ஒரே இடம் இந்த வயல்தான். நாங்கள் குச்சி அடித்துவிட்டுப் போன இரண்டாம் நாளே ஒரு புரோக்கர் புல்லட்டில் வந்திருக்கிறார். கவர்மெண்ட் கல் நட்டுவிட்டது, இனி நிலம் சும்மா போகும், அதற்கு முன்னால் எனக்கு எழுதிக் கொடுத்தால் ஏதோ மிஞ்சும் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்து கஸ்தூரி சரியென்று சொல்லிவிட்டார். மறுநாள் திங்கட்கிழமை வாலாஜாபாத் பத்திர ஆபீசில் கைநாட்டு.

"ஐயோ, அது நான் அடிச்ச குச்சிங்க! நடக்கறதுக்கு!" என்றேன்.

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குமா நம்பரு?"



"பொய்யி அண்ணி" என்றான் கொழுந்தன். "சர்வே ஆளுங்க இப்பல்லாம் இப்டித்தான் வராங்களாம், மாறு வேசத்துல."

"தோ, இம்மாந்தூண்டு கொயந்தைய தூக்கிகினா வருவாங்க? சும்மா இர்றா." கஸ்தூரி என் பக்கம் திரும்பினார். "காயிதம் எதுனா கீதா உங்கையில?"

இருந்தது ஒரே ஒரு காகிதம். ஆபீசில் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்த அழைப்பு. உரக்கப் படித்தேன்: "ஞாயிறு நடை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. குழந்தைகள், முழங்கால் வலி உள்ளவர்கள், தொந்தி உள்ளவர்கள் அனைவரும் வரலாம். பாதி வழியில் முறுக்கு வழங்கப்படும்." தொந்தி என்று வந்த இடத்தில் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சாட்சி சொல்கிறவர் மாதிரி தூக்கைத் திறந்து காட்டினார். எனக்குப் படிக்கப் படிக்க அழுகை முட்டி, கடைசி வரியில் உடைந்துவிட்டது. இருபத்தோரு வயசுப் பெண், பதினான்கு பேர் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு.

கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"சரி. புடுங்கு."

"என்னங்க?"

"கவர்மெண்டு கல்லப் புடுங்கினா ஜெயிலு. உன்துன்னா நீ புடுங்குவ. எங்கண்ணு முன்னால புடுங்கு. இது ஒண்ணு இல்ல, அல்லாத்தையும்."

இப்படித்தான் எங்கள் முதல் குடும்ப நடை நடந்தது. ஏழாம் குச்சியைப் பிடுங்கினேன். ஊர் ஆள் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு சாமுவேல் சார் முதல் ஆறையும் பிடுங்கத் திரும்பிப் போக, நாங்கள் எட்டுக்கு நடந்தோம். கஸ்தூரி பின்னாலேயே வந்தார். அவர் பின்னால் ஊர் ஆட்கள். அவர்கள் யாரும் ஒரு குச்சியையும் தொடவில்லை. தொட்டால் நாளைக்குக் கேஸ் வந்துவிடுமோ என்ற சந்தேகம். குழந்தைகளுக்கு அந்தக் கவலை ஏது? யார் முதலில் பிடுங்குவது என்று ஓட்டப்பந்தயம். டெய்சி அக்கா வைக்கோல் பிரியை நனைத்து, பனைமரத்துச் சுண்ணாம்பு அம்புகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "இதுக்கு நான் வீட்டுலேயே பாத்திரம் தேய்ச்சிருப்பேன்" என்று முனகினாலும் ஒரு மரத்தைக்கூட விடவில்லை. பாதி வழியில் முறுக்கும் வழங்கப்பட்டது, இரு தரப்புக்கும்.

பதிமூன்றாம் குச்சியைக் கொழுந்தன் பிடுங்கினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பு. அப்புறம் அவனே சிரித்துவிட்டான். கஸ்தூரி அதற்குள் எங்கள் அக்காவின் சின்னதை இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "தலையில பாரம் இல்லாம இவ்ளோ தூரம் நான் நடந்ததே இல்ல" என்று அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. "காலு தானா போவுது பாரேன்."

அங்கிருந்து ரோடு வரைக்கும் ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டே நடந்தோம். பதினெட்டாவது குச்சி ஒரகடம் ரோட்டோரத்தில் நின்றது. அதை நான் தொடப்போனபோது கஸ்தூரி தடுத்தார். தானே குனிந்து பிடுங்கி, சிவப்புத் துணியை அவிழ்த்து உதறி, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"டேய், அந்த புல்லட்டுக்காரன்கிட்ட போய் சொல்லிட்டு வா" என்றார் கொழுந்தனிடம். "நாளைக்கு அண்ணிக்கு களையெடுப்பு கீது. வரமாட்டாங்கன்னு சொல்லு."

அதற்குப் பிறகும் அந்த வருஷம் நாலைந்து முறை அங்கே நடந்தோம். குறி இல்லை, நம்பர் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கஸ்தூரியக்கா வீட்டுக்கு என்போம். அது எல்லாருக்கும் புரிகிற பதில். அப்புறம் எனக்குக் கல்யாணம், கோயம்புத்தூர், குழந்தைகள்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் அவர்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். எதிரில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை கம்பெனி மதில். முக்காலி மிஷினோடு நிஜமான சர்வே ஆட்கள் ஒரு நாள் வந்தார்களாம்.

"வந்தவன உக்கார வெச்சி, காயிதம் காட்டுன்னேன். எட்த்துக் காட்டினான். அப்பதான் சரி, இவன் நெசமான ஆளுன்னு தெர்ஞ்சிது."

"எப்படிக்கா?"

"அவன் அழுவல, அதான்."

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். அவன் காட்டிய காகிதத்தை நகல் எடுத்து, தெருவையே கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக நடந்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, சொன்ன விலைக்கு இறங்காமல், தாங்கள் கேட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் நிலத்தைக் கொடுத்தார்களாம். அவருடைய பெரிய பெண் இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். "ஷிப்டுக்கு லேட்டா வந்தா ஆம்பளைங்களையே மெரட்டறா" என்றார் பெருமையாக.

நாங்கள் நடந்த கரையை ரோடு வெட்டிக்கொண்டு போகிறது. டெய்சி அக்கா தேய்த்த பனைகளில் ஒன்றும் இல்லை. வரப்பு இருந்த இடத்தில் புதுக் கார்கள் வரிசை வரிசையாக வெயிலில் நிற்கின்றன. எல்லாம் போய்விட்டதுதான். ஆனால் வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு முளைக்குச்சியைக் கண்டு வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்து, கைநாட்டு வைக்கக் கிளம்பிய அந்தப் பயந்த கஸ்தூரிதான் அங்கே முதலில் காணாமல் போனவர். நிலம் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் போனது.