கால்வாய்க் குழுவின் தீவிரவாதி

எல்லைக்கு மலையாளப் பக்கம் இருக்கும் பெருமாட்டியில் எங்கள் கால்வாய்க் கிளைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முறைத் தண்ணீர் யாருக்கு எப்போது என்று சொல்வதற்காகத் தொடங்கியது. எல்லோரும் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் தகவல் என்றால் மலையாளத்தில் எழுதுவார்கள். கோபம் என்றால் தமிழில் குரல் பதிவாகத்தான் வரும்.

முறை தவறிக் கால்வாயில் மோட்டார் வைத்த பக்கத்துத் தோப்புக்காரன்மேல் புகார் கொடுத்தேன். பாசன ஆபீசிலிருந்து வந்து மோட்டாரை எடுத்துச் சென்றார்கள். குழுவின் நிர்வாகி அவன்தான். மறுநாள் குழுவின் முகப்பில் கால்வாய்ப் படம் போய் என் படம் வந்தது. கீழே மலையாளத்தில் 'தீவிரவாதி'. முப்பத்தொரு வருடம் சட்டம் ஒழுங்குப் பிரிவில் கோப்பு எழுதியவன் நான். அந்தச் சொல்லை யார்மேலும் கைதவறிக்கூட எழுதியதில்லை. பால் சொசைட்டியில், "வாங்க தீவிரவாதி, இன்னைக்கு எத்தனை லிட்டருங்க?" என்றார்கள். மருமகளின் வீட்டார் போனில் விசாரித்தார்கள். படத்தை நீக்கச் சொன்னேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

காத்திருந்தேன். அலுவலகத்தில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

தண்ணீர் தாமதமான ஒரு வாரத்தில் அவன் குரல் பதிவு வந்தது. "நாளைக்குள்ள தண்ணி உடலைன்னா அந்த ஆபீசையே கொளுத்திப்போடோணும். எல்லாரும் வாங்க!"

அதைப் பத்திரப்படுத்திவிட்டு, தீவிரவாதச் செயலுக்குச் சட்டம் தரும் வரையறையை எடுத்தேன். வன்முறை, அல்லது அதன் மிரட்டல்: இருக்கிறது. அரசை அச்சுறுத்தி ஒரு காரியத்தைச் செய்யவைக்கும் நோக்கம்: இருக்கிறது. இணையவெளிக்கென்று பின்னால் யோசித்துச் சேர்த்தவை, பரப்புதலும் ஆள் திரட்டுதலும்: "எல்லாரும் வாங்க." அவன் வீட்டில் கொசுவர்த்தியைக்கூட மனைவிதான் கொளுத்துவாள் என்பதை எழுத அதில் இடமில்லை. அது அன்று எனக்கு வசதியாக இருந்தது. மூன்று பக்கம் மனு, பதிவின் எழுத்து வடிவம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ். எந்த மேஜையிலிருந்தும் திரும்பி வராது. இந்த வழக்குகளில் ஜாமீன் எளிதில்லை.

நகலோடு அவன் வீட்டுக்கே போய் நிதானமாகப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்க சார், கோவத்துல பேசுனதுங்க. அதுக்குப் போயி..."

"என்ற படத்தப் போட்டது?"

"அது சும்மா, தமாசுக்குங்க."

"இது தமாசில்ல தம்பி. மூணாம் பக்கம் படிக்கட்டுங்களா?"

என் கண்முன்னே முகப்புப் படம் மாறியது. குழுவில் மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவும் போட்டான். குரல் நடுங்கியது. அதை இன்றும் சில நாள் போட்டுக் கேட்கிறேன்.

அவன் மனைவி மோர் கொண்டுவந்தாள். "அதான் எடுத்தாச்சில்லீங்கண்ணா. அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டுப் போங்க."

"அனுப்பப் போறதில்லம்மா. ஆனா கிழிக்கறதுக்கில்ல."

"அனுப்பவும் மாட்டீங்க, கிழிக்கவும் மாட்டீங்க. அப்ப எங்களப் பயமுறுத்தறதுக்குத்தான் வெச்சுக்கறீங்களா?"

அந்தக் கேள்விக்கு வரையறையின் எந்த வரியில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மனுவை அனுப்பவில்லை. அவனுடைய முறை வரும் நாளில் மட்டும் அந்தக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கால்வாய்க்கரையில் நடந்துவருகிறேன். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறான்.