முன் கவுண்டருக்கான பற்கள்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது பெற்ற தாயேதான். மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றதால் தேங்காய்த் துருவி. கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று வெறும் துருவி. பள்ளிக்கூடத்தோடு ஒழிந்திருக்க வேண்டிய பெயர் நாற்பதைத் தாண்டியும் அவளை விடவில்லை. இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையில் கிடந்தாலும் கைக்கும் நாக்குக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ளத்தான் நான் அங்கே போனேன். துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் காப்பது என் வேலை. மகள் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு வந்த பிறகு அந்த வாயும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

மகளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் லென்ஸ் அரைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் இல்லை. மெஷினிலிருந்து தெறிக்கும் வெள்ளைச் சேறு முழங்கை வரை ஒட்டியிருக்கும். முன் கவுண்டரில் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்கு பிரேம் எடுத்துக் கொடுக்க வேண்டும், காதுக்குப் பின்னால் சரிசெய்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அதற்குத்தான். முதலாளியிடம் கேட்டும் பார்த்தாள்.

"கஸ்டமர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்துல உன் பல்லைக் கொண்டுபோனா, பயத்துலயே அவருக்கு பவர் ஏறிடும்" என்றார் அவர். கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அவள் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டாள். கம்பி மின்னினால் வேண்டாம் என்றார் முதலாளி. "வெள்ளைக் கிளிப் போட்டுக்கிட்டு வா, முன்னால நிறுத்தறேன். மஞ்சளாச்சுன்னா திரும்ப உள்ள போயிடணும். பேச்சு பேச்சா இருக்கணும்."

அப்படித்தான் வெள்ளைக் கிளிப் வந்தது. கவுண்டரும் கிடைத்தது.

வெள்ளைக் கிளிப்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பல்லில் ஒட்டியிருக்கும் பீங்கான் துண்டு லேசில் கறைபிடிக்காது. அதைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையம்தான் எல்லாச் சாயத்தையும் குடிக்கும். டீ, காபி, மஞ்சள்தூள், மிளகாய், திராட்சை எதுவும் அதற்கு ஆகாது. டாக்டரம்மா மாதாமாதம் வளையத்தை மாற்றுவார். நடுவில் காப்பாற்றுவது நம் பாடு. சாப்பிட்டவுடன் கொப்பளிக்கச் சொன்னேன். மிருதுவான பிரஷைக் கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை சாய்த்துப் பிடித்துத் தேய்க்கக் காட்டிக்கொடுத்தேன். கம்பிக்கு அடியில் இடுக்கு பிரஷை நுழைக்கவும் பழக்கினேன். அவள் ஒருபடி மேலே போய், தட்டில் வெள்ளையைத் தவிர வேறெதையும் விடவில்லை. சோறு, தயிர், முட்டையின் வெள்ளை, தோல் சீவிப் பொடிப்பொடியாக நறுக்கிய ஆப்பிள். கடையில் எல்லாரும் டீ குடிக்கும்போது அவள் வெந்நீரை உறிஞ்சினாள்.

"சிஸ்டர், இந்த வீட்டுல நோயாளி நானா அவளா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். "சாப்பாட்டைப் பாருங்க. சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி. கட்டிக்கிட்டுப் போறதுக்கு ஒருத்தனும் வரல. வாசல்ல மட்டும் கோலாகலமா வெள்ளையடிப்பு."

"உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?" என்றேன்.

"எனக்கென்ன நஷ்டம். இந்த மூஞ்சியைத் தினமும் பாக்குறேனே, அதைவிடவா?"

மகள் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவாள். ஆனால் கவுண்டருக்குப் போன பிறகு நடையே மாறியிருந்தது. என் கண்ணாடியும் அந்தக் கடையில் வாங்கியதுதான். மூக்கில் அழுத்துகிறது என்று ஒருநாள் போனேன். என்னை வேறு யாரோ போல "உக்காருங்கம்மா" என்றாள். கண்ணாடியைக் கழற்றிச் சிறு திருகைத் தளர்த்தி மறுபடி மாட்டினாள். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் வாய் திறந்தே இருந்தது. பொத்திக்கொள்ளக் கை போகவில்லை.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விடுப்பு. மத்தியானம் அம்மாவுக்குச் சோறு பிசைந்து தட்டை மடியில் வைத்தேன். அம்மா மகளைக் கூப்பிட்டாள். குரலில் என்றைக்கும் இல்லாத குழைவு.

"இங்க வாடிம்மா. ஒரு வாய் வாங்கிக்க. சின்னதுல உனக்குக் காய்ச்சல் வந்தா என் கையால கொடுத்தாத்தான் இறங்கும்."

தட்டில் இருந்தது மஞ்சள் தூக்கலாகப் போட்ட பருப்பும் சோறும். அன்று காலை சமையல்காரியிடம் "நல்லா அள்ளிப் போடு" என்று அம்மா சொன்னதை நான் கேட்டிருந்தேன். வாய்க்கு ருசி கேட்கிறாள் என்று நினைத்தேன். மகள் தட்டைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அம்மா உருட்டி உருட்டிக் கொடுத்தாள். மகள் கண்ணில் நீர் முட்ட வாங்கிக்கொண்டே இருந்தாள். கொப்பளிக்கவும் எழுந்திருக்கவில்லை, அம்மா கை அவள் தலையில் இருந்தது.

மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது வளையம் அத்தனையும் எலுமிச்சம்பழ நிறம்.

"என்னாச்சு, துருவிக்கு மஞ்சள் பூசி வச்சிருக்கா?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு. அப்படி வயிறு குலுங்கச் சிரிக்காதீர்கள், இடுப்பு வலிக்கும் என்று சொன்னேன். வலித்தது. அதையும் பொருட்படுத்தாமல் சிரித்தாள்.

முதலாளி கஸ்டமர் இருக்கும்போதே சொன்னார்: "வாயை மூடிக்கிட்டே சிரிக்கப் பழகு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா மெஷின் காத்துக்கிட்டிருக்கு."

டாக்டரம்மாவிடம் போனால் வளையத்தை மாற்றித் தந்திருப்பார். நான் அதைத்தான் சொன்னேன். அவள் போகவும் செய்தாள், மாற்றிக்கொண்டும் வந்தாள். ஆனால் பயம் பிடித்துவிட்டது. எங்கிருந்தோ பல் வெளுக்கும் ஜெல் ஒன்றை வரவழைத்துக் காலையும் மாலையும் பூச ஆரம்பித்தாள்.

"கிளிப் இருக்கிறவரைக்கும் அது கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே" என்றேன்.

"கொஞ்சமாத்தான் சிஸ்டர் வைக்கிறேன்."

கொஞ்சமாக வைக்கவில்லை. பல் வெளுக்க வெளுக்க, வளையத்தில் இருக்கும் லேசான மங்கல்கூட எடுப்பாகத் தெரிந்தது. அது தெரியத் தெரிய இன்னும் பூசினாள். ஜெல் பல்லைத்தான் வெளுக்கும், ரப்பரை வெளுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை. ட்யூபை வாங்கிக் குப்பையில் போட்டேன். வேறொன்று வந்தது.

கிளிப் கழற்றுகிற நாளில் என்னையும் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து, ஒட்டுப்பசையைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டு, கைக்கண்ணாடியைக் கொடுத்தார். வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் கிளிப் இருந்த இடத்தில் ஒரு மங்கிய மஞ்சள் சதுரம். சுற்றிலும் காகித வெள்ளை. ஜெல் நுழைய முடியாத இடம் பழைய நிறத்திலேயே நின்றுவிட்டது.

"என்ன பூசினீங்க?" என்றார் டாக்டரம்மா. அவள் சொன்னாள். "சில மாசம் எதுவும் தொடாதீங்க. அப்புறம் நான் சமன் பண்றேன். அழாதீங்க, பல் நல்லாத்தான் இருக்கு."

முதலாளி அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். "முன்ன வெள்ளைச் சதுரம், இப்ப மஞ்சள் சதுரம். சதுரத்தை மட்டும் விடமாட்டேங்கிற." உள்ளே போகச் சொல்லவில்லை. பிரேம் மாட்டுவதில் அவள் கை கடைக்குப் பழகிவிட்டது, கஸ்டமர்கள் அவளைத்தான் கேட்டார்கள். மேசையைத் திறந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கிட்டு நில்லு."

சில மாதம் கழித்து டாக்டரம்மா சொன்னபடியே சமன் செய்து கொடுத்தார். சதுரம் எதுவும் தெரியவில்லை. குறை சொல்ல இடமில்லாத பல். அவள் கவசத்தைக் கழற்றிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் கணக்குப் போடும் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போட்டுக்கோ. மூஞ்சிக்குப் பக்கத்துல வர்ற வேலை, சுத்தமா இருக்குன்னு கஸ்டமருக்குப் பிடிச்சுப்போச்சு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். அம்மாவுக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கஞ்சியை விழுங்கிவிட்டுச் சாவகாசமாகப் பேசினாள்.

"அப்ப உன் பல்லு நேரா இருக்கிறது எனக்கும் அந்த டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். நானும் போய்ச் சேர்ந்துட்டா அவ ஒருத்திக்குத்தான்."

மகள் கைப்பையிலிருந்து கவசத்தை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். என் கையிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, மீதியை அவளே ஊட்டினாள்.

அன்றிலிருந்து வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை. சாப்பிடுவது சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அம்மா முதலில் கேலி செய்தாள், பிறகு திட்டினாள். பிறகு ஒருநாள் வேறு மாதிரிக் கேட்டாள்.

"கழட்டுடி. நீ பேசுறது எனக்குச் சரியா கேக்கல."

"நான் எதுவும் பேசலியேம்மா" என்றாள் மகள். தலையணையை உயர்த்திவைத்தாள், துண்டால் அம்மாவின் வாயைத் துடைத்தாள்.