ஆருயிர்க் கணவரும் ஓவியரின் மனைவியும்

'யாழ். நாரந்தனையைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோ ஸ்டோவ்னரை வதிவிடமாகவும் கொண்ட சவரிமுத்து பிலேந்திரன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் அனஸ்ரேசியாவின் ஆருயிர்க் கணவரும், நிலூஜாவின் பாசமிகு தந்தையுமாவார்.'

இணையத்தில் வந்த இந்த அறிவித்தலில் ஆள் இறந்த செய்தி மட்டும் சரி. சிறுமியாக இருந்த மகள் நிலூஜாவுக்குத் தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்கு முடிந்த அடுத்த மாதமே ஆருயிர்க் கணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரொம்மனுக்குப் போய்விட்டார். ஸ்டோவ்னரிலிருந்து ரயிலில் ஒரே ஒரு தரிப்பு. அங்கே உதயகுமாரியோடு குடும்பம் நடத்தி, கடைசியில் அவர் கையால் கஞ்சி குடித்து, அங்கேயே செத்தும் போனார். விவாகரத்து மட்டும் எடுக்கவில்லை. கத்தோலிக்கர் அல்லவா, பாவத்துக்குப் பயம்.

அறிவித்தல் கொடுத்தது நிலூஜாதான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை அடக்கம். வேலையிலை பிறீ எடுங்கோ. முன்வரிசையிலை நீங்கள்தான் இருக்கவேணும்."

"கஞ்சி வைச்சவள் எங்கை இருப்பாள்?"

"பின்னாலை எங்கையாவது. ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"ஆக்கள் இவ்வளவு காலமும் என்ன நினைச்சவை? உன்ரை அப்பர் கப்பலிலை வேலை எண்டோ?"

நிலூஜா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அனஸ்ரேசியாவுக்கும் உள்ளூர ஆசை இருந்தது, அதை மறைப்பானேன்? கறுப்புச் சேலை, முன்வரிசை, சனமெல்லாம் வந்து கைபிடித்து அழ, உதயகுமாரி கதவோரம் நிற்கவேண்டும். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது இத்தனை வருடம் வாங்கிய பரிதாபப் பார்வைகளுக்கெல்லாம் அது பதிலாக இருக்கும்.

அனஸ்ரேசியாவுக்கு வேலை நகர நடுவில் ஓர் ஓவியக் கூடத்தில். படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருப்பது. அந்த மாதம் செக் நாட்டு நவீன ஓவியர் ஒருவரின் கண்காட்சி. கண்ணை ஒரு பக்கமும் மூக்கை ஒரு பக்கமுமாக முகங்களை உடைத்துப் புகழ் பெற்றவர். வாசலருகே மட்டும் உடையாத முகம் ஒன்று, அவர் இளவயதில் வரைந்தது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய பழுப்புச் சட்டை, மடியில் கைகள், குளிரில் சிவந்த ஒரு காது. கீழே 'ஓவியரின் மனைவி' என்று எழுதியிருந்தது. 'தன் பாதையை இன்னும் கண்டடையாத கலைஞன்' என்று விளக்கக் குறிப்பு இரங்கியது. பாதையைக் கண்டதும் அவர் பாரிசுக்குப் போனார். காது சிவந்தவள் பிராகில் நின்றுவிட்டாள். அதற்குக் குறிப்பு இரங்கவில்லை.

வியாழன் மத்தியானம் உதயகுமாரி அங்கே வந்தார். ஒழுங்காக டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

"அக்கா, அறிவித்தலிலை என்ரை பேரையும் ஒரு மூலையிலை போடச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் பிள்ளை கேக்கும்."

"என்னெண்டு போடுறது? ஆருயிர் அயலவர் எண்டோ?"

உதயகுமாரி வாசலருகுப் படத்தைப் பார்த்தார். "இது ஆர், அக்கா?"

"கீறினவன்ரை பெண்சாதி."

"பேர்?"

"போடேல்லை."

"போட இடம் இருக்குத்தானே," என்றவர் அழத் தொடங்கினார்.

"கிட்டப் போகாதேயும். அலாரம் அடிக்கும்."

அவர் போனபின் அனஸ்ரேசியா அந்தப் படத்துக்கு எதிரே நெடுநேரம் இருந்தார். தேவாலயத்தின் முன்வரிசையும் இந்த வாசலருகுச் சுவரும் ஒன்றுதான் என்று பட்டது. எல்லாரும் நின்று பார்ப்பார்கள், அவளுக்காக அல்ல, விட்டுப்போனவன் இன்னான் என்பதற்காக.

இடைவேளையில் அறிவித்தலைப் போட்ட இணையத்தளக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். மனைவி சொன்னால் அங்கே மறுபேச்சுக் கிடையாது. மனைவி என்ற அதிகாரத்தை அவர் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். உதயகுமாரிக்கு நல்லது செய்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். அந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை. தன் பெயரை எடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார்.